முதல் இரவிலேயே உடம்பெல்லாம் தடிப்பா? விந்து அலர்ஜிக்கும் வீட்டு நாய்க்கும் என்ன சம்பந்தம்?

புதுச்சேரியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பெண் லாஸ்பேட்டை, மாப்பிள்ளை முத்தியால்பேட்டை. முதல் இரவில், உறவு முடிந்த பத்து நிமிஷத்தில் பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் தாங்க முடியாத எரிச்சல். கொஞ்ச நேரத்தில் வீக்கம். அரை மணி நேரத்துக்குள் தொடை, வயிறு, கை என்று பெரிய கொசு கடித்த மாதிரி தடிப்புகள். விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

அப்புறம் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். மருந்துக்கடையில் பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை. அது கேட்கவில்லை என்றால் யூரின் டெஸ்ட். "உடம்பு சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று அத்தை ஒரு பக்கம், "புதுசுல அப்படித்தான்டி இருக்கும்" என்று சித்தி இன்னொரு பக்கம். மூன்று மாதம் ஆன பிறகும் தீரவில்லை என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அவனுக்கு ஏதாவது வியாதியா, இவளுக்குத்தான் மனசு ஒட்டவில்லையா, ஜாதகம் சரியாகப் பார்க்கவில்லையா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இது கற்பனைக் கல்யாணம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வந்திருக்கும் பிரச்சினை கற்பனை இல்லை. மருத்துவத்தில் இதற்குப் பெயர் விந்துத் திரவ ஒவ்வாமை. சுருக்கமாக, விந்து அலர்ஜி. அரிதானது, ஆனால் உலகின் பல நாடுகளில் பதிவானது. பரிசோதிக்க வழி இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இதைப் பற்றித் தெரியவந்த ஒரு சங்கதி கொஞ்சம் விசித்திரமானது. சில பெண்களுக்கு இந்த அலர்ஜி தொடங்கியது படுக்கையறையில் இல்லை, திண்ணையில் படுத்திருந்த நாயிடம்!

அலர்ஜி எதற்கு? விந்தணுவுக்கா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விந்து என்பது இரண்டு பொருள் சேர்ந்தது. ஒன்று, குழந்தை உருவாகக் காரணமான விந்தணுக்கள். மற்றொன்று, அவை மிதந்து வரும் திரவம். விந்தணுக்கள் அளவில் மிகச் சிறிய பங்குதான். மீதி எல்லாம் புரோஸ்டேட் சுரப்பியும் விந்துப் பைகளும் சுரக்கும் திரவம். அலர்ஜி வருவது இந்தத் திரவத்தில் இருக்கும் புரதங்களுக்கு.

அந்தப் புரதங்களில் முக்கியக் குற்றவாளியின் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாக்களுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் 'பி.எஸ்.ஏ' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்களே, அதே பி.எஸ்.ஏ-தான். ரத்தத்தில் இது நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர் கவனிப்பார். விந்தில் இது இருக்கும் அளவு மில்லிகிராம் கணக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. வெளியேறியவுடன் கெட்டியாக இருக்கும் விந்தை 15 முதல் 30 நிமிஷத்துக்குள் இளக்குவதுதான் இந்தப் புரதத்தின் வேலை. எல்லா ஆண்களுக்கும் இருக்கிறது. எந்த நோயும் இல்லாத, முழு ஆரோக்கியமான ஆணுக்கும் இருக்கிறது.

இதில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. அலர்ஜி 'இந்தக் கணவருக்கு' இல்லை. எல்லா ஆண்களின் விந்திலும் இருக்கும் ஒரு புரதத்துக்குத்தான். அவருக்கு வியாதி என்றோ, சுத்தமில்லை என்றோ, வேறு பழக்கம் இருக்கிறது என்றோ இதற்கு அர்த்தம் கிடையாது. "என்னாலதானா?" என்று அவர் குமைவதற்கும் இங்கே ஒன்றுமில்லை.

முதல் முறையே எப்படி வரும்?

இதுதான் விவகாரமான கேள்வி. விடை தெரியாத காலத்தில் பல வீடுகளில் சண்டையையும் சந்தேகத்தையும் கிளப்பக்கூடிய கேள்வியும் இதுதான்.

அலர்ஜிக்கு ஒரு பொது விதி உண்டு. ஒரு பொருளை முதல் முறை சந்திக்கும்போது உடம்பு அலறாது. 'இது ஆபத்து' என்று தப்பாகக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கென்று ஐ.ஜி.ஈ என்ற ஆன்டிபாடியைத் தயார் செய்யும். அடுத்த முறை அதே பொருள் வரும்போதுதான் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம். நம் ஊர் வழக்கில் சொன்னால், முதல் தடவை ஆளை அடையாளம் பார்த்துக்கொள்ளும், இரண்டாம் தடவை கை வைக்கும்.

இந்த விதியின் அடிப்படையைக் கண்டுபிடித்ததே பிரெஞ்சுக்காரர்கள்தான். சார்லஸ் ரிஷேவும் பால் போர்ட்டியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிக்கொண்ட நெப்டியூன் என்ற நாய், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவு நஞ்சைச் செலுத்தியதும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. 1902-ல் இதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'அனாஃபிலாக்சிஸ்'. ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாய் இந்தக் கதையில் அப்போதே நுழைந்துவிட்டது, பாவம் வேறு வேஷத்தில்.

சரி, இப்போது விந்து அலர்ஜிக்கு வாருங்கள். பாதிக்கப்பட்ட பெண்களில் கணிசமானவர்களுக்கு வாழ்க்கையின் முதல் உடலுறவிலேயே அறிகுறிகள் வந்ததாகப் பல மருத்துவக் கட்டுரைகள் பதிவு செய்திருக்கின்றன. விதிப்படி பார்த்தால் உடம்பு அந்தப் புரதத்தை முன்பே சந்தித்திருக்க வேண்டும். எங்கே சந்தித்தது?

அரைகுறையாக அலர்ஜி தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் என்ன முடிவுக்கு வருவார் என்று யோசித்துப் பாருங்கள். "அப்போ இவளுக்கு முன்னாடியே யாரோடயோ பழக்கம் இருந்திருக்கு." ஒரு புதுப்பெண்ணின் மீது விழக்கூடிய மிகக் கொடுமையான பழி இது. அறிவியல் பேச்சைப் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் கொடுமை. அந்த முடிவு தவறு என்பதற்குத்தான் நாய் சாட்சி.

பாரிஸிலிருந்து ஸ்வீடன் வரை

விந்துக்கு அலர்ஜி வரலாம் என்று முதலில் பதிவு செய்தவர் ஸ்பெக்கன் என்ற நெதர்லாந்து மருத்துவர். ஆண்டு 1958. பிறகு 1967-ல் பாரிஸில் பெர்னார்ட் ஹால்பெர்ன் குழு ஒரு பெண்ணின் பாதிப்பை ஆய்வகம் வரை கொண்டுபோய், இது உண்மையான அலர்ஜிதான் என்று விரிவாக எழுதியது. 'அபூர்வமான நேர்வு' என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார்கள். ஐ.ஜி.ஈ என்ற ஆன்டிபாடியையே இஷிசாகா தம்பதி அடையாளம் கண்டது 1966-ல்தான் என்றால், ஹால்பெர்ன் எவ்வளவு சீக்கிரம் வந்தார் என்று புரியும்.

பாரிஸ் என்றால் பாண்டிச்சேரியில் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊர். ஹால்பெர்னும் நமக்கு முற்றிலும் அந்நியர் இல்லை. 1940-களில் அலர்ஜிக்கான முதல் ஆன்டி ஹிஸ்டமின் மருந்துகளை மனிதர்களுக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1942-ல் வந்த ஆன்டர்கன் அதில் ஒன்று. அதே பிரெஞ்சு ஆய்வு வரிசையில் பின்னால் வந்ததுதான் இன்றைக்கும் நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பெனர்கன்.

அடுத்து ஜெர்மனி. மியூனிக் ஆய்வாளர்கள் 2006-ல், விந்துத் திரவத்தில் அலர்ஜியைக் கிளப்பும் புரதங்களில் பி.எஸ்.ஏ முக்கியமானது என்று காட்டினார்கள். 2008-ல் ஸ்பெயினிலிருந்து திருப்பம் வந்தது. விந்து அலர்ஜி இருந்த ஒரு பெண்ணுக்கு நாய் அலர்ஜியும் இருந்தது. அவருடைய ரத்தத்தில் இருந்த ஐ.ஜி.ஈ, விந்துப் புரதத்தையும் நாயின் பொடுகுத் தூசியில் இருந்த ஒரு புரதத்தையும் ஒன்றாகவே பாவித்தது.

அது என்ன புரதம்? 2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். பெயர் 'கேன் எஃப் 5'. நாயின் அறிவியல் பெயரான கேனிஸ் ஃபமிலியாரிஸ் என்பதிலிருந்து கேன், எஃப். கண்டுபிடித்த வரிசையில் ஐந்தாவது, அதனால் 5. இது சுரப்பது நாயின் புரோஸ்டேட் சுரப்பியில். மனிதனின் பி.எஸ்.ஏ-வும் நாயின் கேன் எஃப் 5-ம் அமினோ அமில வரிசையில் பாதிக்கு மேல், கிட்டத்தட்ட 55 முதல் 60 சதவீதம், ஒத்துப்போகின்றன. ஒரே குடும்பத்துப் புரதங்கள். பெரியப்பா பையனைப் பார்த்துவிட்டு "நீ அவன்தானே?" என்று கேட்கிற மாதிரி, ஒன்றைக் குறி வைத்து உருவான ஆன்டிபாடி இன்னொன்றைக் கண்டாலும் பிடித்துக்கொள்கிறது. மருத்துவர்கள் இதைக் குறுக்கு வினை என்கிறார்கள்.

புரோஸ்டேட் இருப்பது ஆண் நாய்க்கு மட்டும். அதனால் கேன் எஃப் 5 வருவதும் ஆண் நாயிடமிருந்துதான். இந்த ஒரே ஒரு புரதத்துக்கு மட்டும் அலர்ஜி உள்ள சிலர் பெண் நாயைக் கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆண் நாய் வந்தால் தும்மலும் தடிப்பும் வருகிறது. ஆண் நாயின் சிறுநீரில் இந்தப் புரதம் நிறைய. அது தன்னை நக்கிக்கொள்ளும்போது ரோமத்தில் ஏறும், காயும், தூசியோடு தூசியாக வீட்டில் பறக்கும். சோபா, மெத்தை, மிதியடி, போர்வை என்று எல்லாவற்றிலும் படியும்.

இப்போது அந்த லாஸ்பேட்டைப் பெண்ணின் பிறந்த வீட்டைக் கற்பனை செய்யுங்கள். பத்து வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஆண் நாய். ராஜபாளையமோ, லாப்ரடாரோ, தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாயோ, எதுவாகவும் இருக்கலாம். அதன் கேன் எஃப் 5 புரதத்தைப் பல வருஷம் சுவாசித்து, தொட்டு, அவருடைய உடம்பு சத்தமில்லாமல் ஆன்டிபாடி தயாரித்து வைத்திருக்கிறது. காலையில் நாலு தும்மல், கண் அரிப்பு என்று அதுபாட்டுக்குப் போயிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக மனித பி.எஸ்.ஏ உள்ளே வந்தபோது உடம்பு அதைப் பழைய ஆளாக நினைத்துவிட்டது. முந்தைய உறவு எதுவும் தேவைப்படவில்லை.

இந்த அலர்ஜி உள்ள எல்லோருக்கும் நாய்தான் மூலம் என்று நிரூபிக்கப்படவில்லை. நாயே வளர்க்காதவர்களுக்கும் வந்திருக்கிறது. பி.எஸ்.ஏ தவிர வேறு விந்துப் புரதங்களும் காரணமாகலாம். பல தடவை உறவுக்குப் பிறகு, சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகுகூட, புதிதாகத் தொடங்குவதுண்டு. ஆனால் முதல் இரவில் தடிப்பு வந்தது என்பதை வைத்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தைப் பற்றி யாரும் எதையும் சொல்ல முடியாது. இது மட்டும் உறுதி.

நாய் வளர்ப்பவர்கள் எல்லாம் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஸ்வீடன் ஆய்வில் நாய் அலர்ஜி இருந்த 37 பேரைப் பரிசோதித்ததில் 26 பேருக்கு, அதாவது 70 சதவீதம் பேருக்கு, கேன் எஃப் 5-க்கு எதிரான ஐ.ஜி.ஈ இருந்தது. அதில் 14 பேருக்கு மற்ற நாய்ப் புரதங்கள் எதற்கும் எதிர்வினை இல்லை. ஆக கேன் எஃப் 5 அலர்ஜி ஒன்றும் அபூர்வமில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு விந்து அலர்ஜி வருவதில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது வேறு, உடம்பில் அறிகுறி வருவது வேறு. நாய் அலர்ஜி இருக்கிறது என்பதற்காக யாரும் கல்யாணத்துக்கு முன்னால் இதற்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை.

பூனை? பூனை அலர்ஜியின் முக்கியப் புரதம் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் வருவது. அது பி.எஸ்.ஏ குடும்பமே இல்லை. பூனை இந்தக் கேஸில் விடுதலை.

எத்தனை பேருக்கு இது வருகிறது என்பதற்கு நம் நாட்டில் கணக்கு எடுக்கப்படவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த பெர்ன்ஸ்டீன் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில், உறவுக்குப் பிறகு தொந்தரவு வருவதாகச் சொன்ன 1,073 பெண்களின் பதில்களை அலசியது. அதில் 130 பேரின் அறிகுறிகள், சுமார் 12 சதவீதம், விந்து அலர்ஜியோடு ஒத்துப்போயின. இது ஏற்கெனவே பிரச்சினை இருப்பதாக முன்வந்தவர்களின் கணக்கு. 'பெண்களில் 12 சதவீதம் பேருக்கு விந்து அலர்ஜி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றினால் நம்பாதீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

நேரத்தைக் கவனியுங்கள். விந்து பட்ட சில நிமிஷத்திலிருந்து அரை மணி, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். பிறப்புறுப்பில் எரிச்சல், அரிப்பு, சிவப்பு, வீக்கம். சில மணி நேரத்தில் தணியலாம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள் இழுக்கும். இது உறுப்போடு நின்றுவிடும் வகை. இன்னொரு வகையில் உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு, கண் இமை வீக்கம், மூக்கு ஒழுகல், இளைப்பு, வயிற்றுவலி, தலைசுற்றல் எல்லாம் வரும். தோலிலோ வாயிலோ பட்டாலும் அங்கே தடிப்பு வரலாம்.

ஆணுறை போட்டால் வருகிறதா இல்லையா என்பது அடுத்த துப்பு. ஆணுறை போட்ட உறவில் ஒன்றுமே இல்லை, போடாதபோது மட்டும் வருகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆணுறை போட்டாலும் எரிச்சல் வருகிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ரப்பர் லேடெக்ஸ் அலர்ஜியாக இருக்கலாம், வழுக்குப் பொருளாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், வறட்சியாகவும் இருக்கலாம். வெள்ளைப்படுதல், துர்நாற்றம், நாள் முழுக்க விடாத அரிப்பு என்றால் தொற்றுக்கான வாய்ப்புதான் அதிகம். அதற்கு மருந்து எளிது.

குழப்பும் விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆண் சாப்பிட்ட உணவோ மருந்தோ விந்து வழியாகப் போய் அலர்ஜி கிளப்பிய நேர்வுகளும் இருக்கின்றன. பிரேசில் நட் அலர்ஜி உள்ள ஒரு பெண்ணுக்கு, அந்தப் பருப்பைச் சாப்பிட்டிருந்த துணையோடு உறவு கொண்டபின் தடிப்பு வந்ததை 2007-ல் பிரிட்டன் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பென்சிலின் வகை மருந்துகளிலும் இப்படி நடந்திருக்கிறது. எப்போதாவது ஒரு முறை மட்டும் வருகிறது என்றால் அவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார் என்று யோசிப்பது நல்லது.

யாரிடம் போவது? என்ன சொல்வது?

முதலில் மகளிர் மருத்துவரிடம், தொற்று இல்லை என்று உறுதி செய்ய. பிறகு அலர்ஜி பார்க்கும் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி, 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் மகளிர் பிரிவும் தோல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆனால் வசதி இருந்தாலும் வாயைத் திறந்து சொல்வதுதான் பெரிய தடை. வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, "உறவுக்கு அப்புறம் அரிக்குது டாக்டர்" என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடலாம். எத்தனை நிமிஷத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, எங்கெல்லாம் தடித்தது, ஆணுறையோடு எப்படி, ஆணுறை இல்லாமல் எப்படி, ஆஸ்துமா, தும்மல் பழக்கம் உண்டா, வீட்டில் நாய் இருந்ததா, ஆண் நாயா. தடிப்பு இருக்கும்போதே கையையோ வயிற்றையோ ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் எல்லாம் மறைந்துபோயிருக்கும்.

நாய் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பிறப்புறுப்பு எரிச்சலுக்கு வந்தவரிடம் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்க யாருக்கும் சட்டென்று தோன்றாது.

பரிசோதனை, தோலில் ஊசி முனையால் லேசாகக் கீறிப் பார்ப்பதுதான். கணவரின் விந்தை எடுத்து, இளகவிட்டு, மையவிலக்கு எந்திரத்தில் சுற்றி விந்தணுவைப் பிரித்து, மீதித் திரவத்தைப் பயன்படுத்துவார்கள். அதற்கு முன் அவருக்கு எச்.ஐ.வி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் பரிசோதனை உண்டு. அது சந்தேகத்தால் இல்லை, நடைமுறை விதி. 15 முதல் 20 நிமிஷத்தில் கீறிய இடம் தடித்தால் பாசிட்டிவ். ரத்தத்தில் ஐ.ஜி.ஈ அளவும் பார்க்கலாம். வழக்கமாக எடுக்கும் 'டாக் அலர்ஜி' டெஸ்டில் கேன் எஃப் 5 தனியாகத் தெரியாது, அதற்கென்று தனி டெஸ்ட் கேட்க வேண்டும். இதையெல்லாம் வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

சிகிச்சை என்ன?

எளிய வழி ஆணுறை. சரியாகப் பயன்படுத்தினால் பிரச்சினை நின்றுவிடும். லேடெக்ஸும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலியூரிதேன் ஆணுறைகள் இருக்கின்றன. லேசான அறிகுறி என்றால் உறவுக்கு முன் ஆன்டி ஹிஸ்டமின் மாத்திரை போதும் என்று மருத்துவர் சொல்லலாம். உடம்பு முழுக்க வருபவர்களுக்கு அந்த மாத்திரையை மட்டும் நம்புவது ஆபத்து.

ஆணுறை இல்லாமல் வாழ விரும்பும் தம்பதிக்கு, உடம்பைப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. கணவரின் விந்துத் திரவத்தை ஆயிரக்கணக்கான மடங்கு நீர்க்கச் செய்து, பெண்ணுறுப்பில் துளியாக வைத்து, சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் நீர்க்காத திரவம் வரை கொண்டுவருவார்கள். மருத்துவமனையில், அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சிகிச்சை இது.

அதில் ஒரு நிபந்தனை. பழகிய உடம்பு பழக்கத்திலேயே இருக்க வேண்டும். அதாவது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உறவு தொடர வேண்டும். இடைவெளி நீண்டால் அலர்ஜி திரும்பிவிடும். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணவர் பிரான்ஸிலோ துபாயிலோ இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் வரும் வீட்டில் இந்தச் சிகிச்சைக்கு என்ன வழி? அங்கே ஆணுறைதான் நடைமுறை.

மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற நிலை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வெளிநாட்டில் கிடைக்கும் தானியங்கி அட்ரினலின் பேனாக்கள் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, அதனால் மருத்துவமனை சேரும் வேகம்தான் முக்கியம். சேர்ந்தவுடன் "அலர்ஜி" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். நடுராத்திரியில், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, உறவுக்குப் பிறகு வந்தது என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் டியூட்டி டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம்.

குழந்தை பிறக்குமா?

பிறக்கும். இந்த அலர்ஜி மலட்டுத்தன்மை இல்லை. அலர்ஜி விந்தணுவுக்கு இல்லை, திரவத்துக்குத்தான் என்று மேலே பார்த்தோமே, அதன் பலன் இங்கே. ஆய்வகத்தில் விந்தணுக்களைக் கழுவிப் பிரித்து, திரவத்தை நீக்கிவிட்டு, நேரடியாகக் கருப்பையில் செலுத்தலாம். ஐ.யு.ஐ என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையில் பலர் கருவுற்றிருக்கிறார்கள். ஆனால் கருத்தரிப்பு மையத்துக்குப் போகும்போது அலர்ஜி விஷயத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வழக்கத்தைவிடக் கவனமாகக் கழுவச் சொல்வார்கள்.

ஆண்களுக்கு? விந்து வெளியேறிய பிறகு காய்ச்சல் போன்ற சோர்வு, உடம்புவலி, மந்தம் என்று நாள் கணக்கில் அவதிப்படும் ஒரு நிலையை நெதர்லாந்து மருத்துவர் வால்டிங்கர் 2002-ல் விவரித்தார். அது தன் விந்துக்கே வரும் அலர்ஜி என்று ஒரு தரப்பு சொல்கிறது, இன்னொரு தரப்பு மறுக்கிறது. விவாதம் முடியவில்லை.

நாயை என்ன செய்வது?

இதைப் படித்துவிட்டு யாராவது நாயைக் கடற்கரைச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அது அநியாயம். உடம்பில் உருவான ஆன்டிபாடி நாய் வீட்டைவிட்டுப் போன மறுநாளே மறையாது. நாயை அனுப்பினால் விந்து அலர்ஜி தீரும் என்று நிரூபணமும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாயாலும் தும்மல், இளைப்பு இருக்கிறது என்றால் அதைக் குறைக்க வழிகள் உண்டு. படுக்கையறைக்குள் நாயை விடாமல் இருப்பது, குளிப்பாட்டும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வது, விரிப்புகளை அடிக்கடி துவைப்பது.

கேன் எஃப் 5-க்கு மட்டும் அலர்ஜி என்று டெஸ்டில் உறுதியானால் இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தப் புரதத்தின் சுரப்பு ஆண் ஹார்மோனைச் சார்ந்தது. விதைகளை நீக்கிக் கருத்தடை செய்தால் நாயின் புரோஸ்டேட் சுருங்கும், புரதமும் குறையும். குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடமோ இதைப் பற்றிக் கேட்கலாம். அடுத்து நாய் வாங்குவதாக இருந்தால் பெண் குட்டியாகப் பார்த்து வாங்கலாம்.